வார்டும் வகுப்பறையும்: செவிலியம் பட்டப்படிப்பான கதை

நோயாளியின் மூச்சை எண்ணுவது நர்சிங் மாணவிகள் முதல் ஆண்டிலேயே கற்கும் வேலை. அதில் ஒரு சின்னத் தந்திரம் உண்டு. நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, கண்ணை மட்டும் நெஞ்சுப் பக்கம் வைத்து, ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். ‘மூச்சை எண்ணப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டால் அவர் மூச்சு விடும் விதமே மாறிவிடும். இதயத் துடிப்பு நம் சொல்லைக் கேட்காது. மூச்சு கொஞ்சம் கேட்கும். எந்த மருத்துவமனையானாலும் சார்ட்டுகளைப் புரட்டிப் பார்த்தால் மூச்சுக் கணக்கு வரிசையாக 18, 20, 18, 20 என்று ஓடுவதைக் காணலாம். பத்துப் பேர் ஒரே மாதிரி மூச்சு விடுவதில்லை. எண்ணாமலே எழுதியதன் அடையாளம் அது. ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் 2008இல் வெளியான ஒரு கட்டுரை, மூச்சு எண்ணிக்கையைப் புறக்கணிக்கப்பட்ட உயிர்க்குறி என்றே தலைப்பிட்டது.

புறக்கணிப்பதால் என்ன கெட்டுவிடும்? உள்ளே ரத்தம் கசிகிறது, அல்லது கிருமித் தொற்று ரத்தத்தில் பரவுகிறது என்று வைத்துக்கொள்வோம். திசுக்களுக்குப் போதிய ஆக்சிஜன் போகாதபோது ரத்தத்தில் அமிலம் சேர்கிறது. அதைச் சரிக்கட்ட உடம்பு வேகமாக மூச்சுவிட்டுக் கரியமில வாயுவை வெளியே தள்ளுகிறது. இளவயது நோயாளியானால் ரத்த அழுத்தம் வெகுநேரம் வரை இயல்பாகவே காட்டிக்கொண்டிருக்கும். அது சரியத் தொடங்கும்போது கையிலிருக்கும் நேரம் குறைவு. மூச்சோ அதற்கு முன்பே 26, 28 என்று ஏறியிருக்கும். எண்ணுவதை யாருக்கும் ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். 28 என்றால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்க உடலியங்கியலும் உயிர்வேதியியலும் தெரிய வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்குத் தூங்கப் போன டியூட்டி டாக்டரை எழுப்பி, ‘பி.பி. நார்மல்தான், ஆனாலும் நீங்கள் வந்து பார்க்க வேண்டும்’ என்று காரணத்தோடு சொல்ல இன்னும் கூடுதலான ஒன்று தேவைப்படுகிறது. ‘நர்ஸ் வேலைக்கு எதற்கு நாலு வருஷ டிகிரி?’ என்று நம் வீடுகளில் இன்றும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு என் பதில் இந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் பதில் அதோடு முடியவில்லை.

நவீன செவிலியக் கல்வி பல்கலைக்கழகத்தில் பிறந்ததல்ல. 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் பெயரிலான நிதியைக் கொண்டு தொடங்கிய பள்ளிதான் உலகெங்கும் முன்மாதிரியானது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியதும் அந்தக் காற்றில்தான். பள்ளி என்று பெயர் இருந்தாலும், பயிற்சிப் பெண்கள் மருத்துவமனையின் வேலைக்காரர்களாகவும் இருந்தார்கள். தங்குமிடமும் சாப்பாடும் சிறு உதவித்தொகையும் தந்துவிட்டு, பகலும் இரவும் வார்டு வேலை வாங்கலாம். நோயாளிகள் அதிகமானால் வகுப்பு ரத்து. இந்த முறை மருத்துவமனைகளுக்கு மிக மலிவு என்பதால்தான் அது வேகமாகப் பரவியது. நைட்டிங்கேலுக்கே தேர்வு வைத்துப் பதிவு செய்யும் முறையில் நம்பிக்கை இருக்கவில்லை. நல்ல செவிலியின் குணத்தைத் தேர்வுத்தாள் அளக்காது என்றே பிரிட்டனில் பதிவுச் சட்டக் கோரிக்கை எழுந்தபோது அவர் எதிர்த்தார். அந்த வாதத்தை முழுக்கத் தள்ளிவிட முடியாது. அதை வைத்துக்கொண்டு பெண்களின் உழைப்பைச் சும்மா வாங்கிக்கொண்டவர்கள்தான் அதிகம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 1919 வரை பிரிட்டனில் பதிவுச் சட்டம் வரவில்லை. நியூசிலாந்து 1901இலேயே அதைச் செய்துவிட்டது.

அமெரிக்காவில் 1909இல் மினசோட்டா பல்கலைக்கழகம் ஒரு நர்சிங் பள்ளியைத் தன் வளாகத்துக்குள் தொடங்கியது. பல்கலைக்கழகத்துக்குள் வந்தாலும் அங்கே கிடைத்தது பட்டயம்தான். மாணவிகள் வார்டில் நீண்ட நேரம் உழைத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அந்த நிலை மாறத் தொடங்கியது 1923இல். ராக்கஃபெல்லர் அறக்கட்டளையின் ஆதரவோடு நடந்த ஆய்வின் அறிக்கையை அந்த ஆண்டு ஜோசஃபின் கோல்ட்மார்க் எழுதி வெளியிட்டார். மருத்துவமனையின் அன்றாடத் தேவைக்கும் மாணவியின் படிப்புக்கும் மோதல் வந்தால், தோற்பது எப்போதும் படிப்புதான் என்று அந்த அறிக்கை விரிவாகக் காட்டியது. அதே ஆண்டு யேல் பல்கலைக்கழகத்தில் தனி நிதியோடும் தனி டீனோடும் நர்சிங் கல்விக்கூடம் திறக்கப்பட்டது. ஆனி குட்ரிச் அதன் முதல் டீன். மாணவி வார்டுக்குப் போவது ஆள் பற்றாக்குறையைத் தீர்க்க அல்ல, கற்க என்ற கொள்கைக்கு முதன்முதலாக ஒரு வரவுசெலவுக் கணக்கு கிடைத்தது அங்கேதான். கொள்கைகள் அதற்கு முன்பும் இருந்தன. அவற்றுக்கென்று பணம் ஒதுக்கத்தான் ஆளில்லை.

இந்தியாவுக்குப் பட்டப்படிப்பு வந்து சேர்ந்தது 1946இல். அந்த ஆண்டு, நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) குழு தன் அறிக்கையைக் கொடுத்தது. நாட்டில் இருந்த பயிற்சி பெற்ற செவிலியர் ஏறத்தாழ 7,000 பேர். 43,000 மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கு. அவர்களின் சம்பளமும் தங்குமிடமும் இருந்த நிலையைப் பற்றிக் குழு கடுமையாகவே எழுதியது. அதே ஆண்டில்தான் தில்லியிலும் வேலூரிலும் நான்காண்டு பட்டப்படிப்பு தொடங்கியது. தில்லிக் கல்லூரி பின்னாளில் ராஜ்குமாரி அம்ரித் கௌர் பெயரைப் பெற்றது. 1959இல் முதுகலைப் படிப்பையும் தொடங்கியது. வேலூரின் கதை வேறு மாதிரி. மருத்துவர் ஐடா ஸ்கடர் நிறுவிய மருத்துவமனையில் டீலியா ஹௌட்டன் 1909இல் தொடங்கிய நர்சிங் பள்ளி அங்கே ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. வேரா பிட்மன் பொறுப்பில் இருந்த காலத்தில் அது கல்லூரியாகி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. வேலூரில் வார்டு முதலில் வந்தது, பட்டம் பிறகு வந்தது. நோயாளிகள் நிறைந்த ஒரு மருத்துவமனை, அதில் வருடக்கணக்காகப் பாடம் சொல்லிப் பழகிய மூத்த செவிலியர்கள், அதன்மேல் பல்கலைக்கழகம் என்ற வரிசை. தமிழ்நாட்டில் பிற்காலத்தில் முளைத்த பல கல்லூரிகளில் இந்த வரிசை தலைகீழானது. கட்டடம் முதலில், மாணவர் சேர்க்கை அடுத்தது, நோயாளிகளை எங்கே தேடுவது என்பது கடைசி.

சட்டப்படியான அமைப்பு என்று பார்த்தால், 1947ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான இந்திய நர்சிங் கவுன்சில் பாடத்திட்டத்தை வகுத்துவந்தது. அதற்குப் பதிலாகத் தேசிய ஆணையம் ஒன்றை அமைக்க 2023இல் புதுச் சட்டம் நிறைவேறியது. தமிழ்நாட்டின் பெரும்பாலான கல்லூரிகளுக்குத் தேர்வு நடத்திப் பட்டம் தருவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்துப் பிளஸ் டூ முடித்தவர்கள் சேரலாம்.

2021 பாடத்திட்டம் நான்கு வருடத்தை எட்டு செமஸ்டராகப் பிரித்திருக்கிறது. முதல் செமஸ்டரில் உடற்கூறியல், உடலியங்கியலோடு உளவியலும் சமூகவியலும் இருக்கின்றன. மருந்தியல், நோய்க்குறியியல், மருத்துவ-அறுவைச் செவிலியம் என்று போய், குழந்தை நலம், மனநலம், மகப்பேறு, சமுதாய நலம், ஆய்வுமுறை, புள்ளியியல், நிர்வாகம் வரை வருகிறது. தடயவியல் செவிலியம்கூட இப்போது உண்டு. கடைசி செமஸ்டர் முழுக்கப் பயிற்சிப் பணி.

தாளில் பார்த்தால் அகலமான படிப்பு. அதன் எடை தெரிவது சின்னச் சின்ன இடங்களில். இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 40 யூனிட். 100 யூனிட் கொண்டதும் புழக்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு. 100 யூனிட் மருந்தை 40 யூனிட் சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு. நோயாளி மயங்கிவிழ இது தாராளமாகப் போதும். கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குதான். வார்டில் எட்டுப் பேருக்குச் சாப்பாட்டுக்கு முன் ஊசி போட வேண்டிய அவசரத்தில், புட்டியின் லேபிளையும் சிரிஞ்சின் மூடி நிறத்தையும் ஒருமுறை நிதானித்துப் பார்க்கும் பழக்கம்தான் படிப்பின் பலன். பரீட்சைக்குப் படித்த பார்முலா அந்த நேரத்தில் வந்து நிற்பதில்லை.

சமுதாய நலப் போஸ்டிங்கில் வீடு வீடாகப் போகும் மாணவிகள், பையைத் தரையில் வைக்குமுன் செய்தித்தாள் விரிப்பது, எதை முதலில் வெளியே எடுப்பது, கையை எப்போது கழுவுவது என்று ஒரு சடங்குபோலக் கற்கிறார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். கிருமியை ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குக் கொண்டுபோகாமல் இருக்க, மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் இல்லாத காலத்தில் வகுத்த ஒழுங்கு அது, இன்றும் பயன்படுகிறது. மனநலப் போஸ்டிங்குக்காகச் சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போய்வந்தவர்கள், போகுமுன் இருந்த பயத்தைப் பற்றி ஒரு கதையாவது வைத்திருப்பார்கள்.

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்து வருகிறவர்களுக்கு முதல் ஆண்டு ஒரு மலை. எலும்புகளின் பெயரெல்லாம் லத்தீன், விடைத்தாள் ஆங்கிலம், நோயாளியிடம் பேசுவது தமிழ், எழுதும் கேர் பிளான் மறுபடி ஆங்கிலம். ஆனால் நோயாளியின் அருகில் இவர்கள் பலருக்கு ஒரு சாதகம் இருக்கிறது. கிராமத்துப் பாட்டி ‘வயிறு பொருமுது, ஏப்பம் வரல’ என்று சொல்வதை அப்படியே புரிந்துகொண்டு அடுத்த கேள்வி கேட்பவர்கள் அவர்கள்தான். அந்தத் திறனுக்கு மதிப்பெண் இல்லை என்பது பாடத்திட்டத்தின் குறை.

மகப்பேறு பிரிவுதான் எனக்கு மிக ஆர்வமூட்டும் இடம். படிப்பின் சிக்கல் முழுவதும் அங்கே தெரிகிறது. பட்டம் பெறுமுன் மாணவி தன் கையால் பிரசவம் பார்த்திருக்க வேண்டும். முந்தைய பாடத்திட்டத்தின் கேஸ் புத்தகம் 20 சுகப்பிரசவம், 30 கர்ப்பகாலப் பரிசோதனை என்று கணக்கே வைத்திருந்தது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் 2019-21 சுற்றுப்படி தமிழ்நாட்டில் நடந்த பிரசவங்களில் ஏறத்தாழ 45% சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் அது 60 விழுக்காட்டையும் தாண்டியது. தனியார் மருத்துவமனையோடு இணைந்த கல்லூரி மாணவிக்குச் சுகப்பிரசவம் எங்கே கிடைக்கும்? அரசு மருத்துவமனைக்குத்தான் வர வேண்டும். அங்கே ஏற்கெனவே பயிற்சி டாக்டர்கள், முதுகலை மாணவர்கள், அரசுக் கல்லூரி நர்சிங் மாணவிகள், கிராமச் சுகாதாரச் செவிலியர் பயிற்சிக்கு வந்தவர்கள் எல்லாரும் ஒரே கட்டிலைச் சுற்றி நிற்கிறார்கள். வலியில் படுத்திருக்கும் பெண்ணின் கோணத்தில் இதை யோசித்துப் பாருங்கள். பின்வரிசையில் நின்று எட்டிப் பார்த்த பிரசவமும் கேஸ் புத்தகத்தில் ‘பார்த்த’ பிரசவமாக ஏறிவிடுவதில் வியப்பில்லை. மாணவியைக் குறைசொல்லிப் பயனில்லை. எண்ணிக்கையைக் கேட்கும் விதி, அதற்கான வாய்ப்பு இருக்கிறதா என்று பார்க்கத் தவறுகிறது. இத்தனைக்கும் செய்முறைப் பயிற்சியில் 100% வருகை இருந்தால்தான் பட்டம் என்பதும் விதிதான். தியரிக்கு 80% போதும். எது முக்கியம் என்று விதி எழுதியவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

பட்டத்தால் நோயாளிக்கு என்ன நன்மை என்பதை எண்களில் காட்ட முயன்றவர்களில் முதன்மையானவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா ஏக்கன். 2003இல் அவர் குழு வெளியிட்ட ஆய்வு, பென்சில்வேனியா மாநிலத்தின் 168 மருத்துவமனைகளில் அறுவைசிகிச்சை செய்துகொண்ட இரண்டேகால் லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பற்றியது. பட்டம் பெற்ற செவிலியரின் பங்கு 10% கூடும்போது, 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு சுமார் 5% குறைவாக இருந்தது. 2014இல் ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகள், 4,22,730 நோயாளிகள் என்று அதே கேள்வியை விரித்தார்கள். பட்டதாரிகள் 10% கூடினால் இறப்பு வாய்ப்பு 7% குறைவு. ஒரு செவிலியர் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால் 7% அதிகம்.

பட்டப்படிப்புக்காக வாதாடுகிறவர்கள் முதல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுவது வழக்கம். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பட்டதாரிகள் 60%, ஆளுக்கு சராசரி 6 நோயாளி என்ற மருத்துவமனையில், பட்டதாரிகள் 30%, ஆளுக்கு 8 நோயாளி என்ற மருத்துவமனையைவிட இறப்பு ஏறத்தாழ 30% குறைவாக இருக்கும் என்பதே அந்த ஆய்வின் முக்கியக் கணிப்பு. இவை ஒரு காலப் புள்ளியில் எடுத்த ஒப்பீடுகள். பட்டதாரிகளை அதிகம் அமர்த்தும் மருத்துவமனை வேறு வகையிலும் சிறந்ததாக இருந்திருக்கலாம் என்ற ஐயத்தைப் புள்ளியியல் முழுதாகப் போக்கிவிடாது. ஐரோப்பிய எண்களை நம் ஊர் வார்டுக்கு அப்படியே கொண்டுவரவும் முடியாது. இந்திய நர்சிங் கவுன்சிலின் நெறி போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு 1 செவிலியர். அரசு மருத்துவமனையின் பொது வார்டில் இரவு ஷிஃப்டில் ஒருமுறை நடந்து பார்த்தவர்களுக்கு அந்த நெறி எங்கே இருக்கிறது என்று தெரியும். நாற்பது பேரைப் பார்க்கும் ஒருவர் யாருடைய மூச்சை ஒரு முழு நிமிடம் எண்ணுவார்? 18, 20 என்று எழுதுவதற்குச் சோம்பல் மட்டுமே காரணமல்ல.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் கேட்டாக வேண்டும். பிரிட்டனில் 2013 முதல் பட்டம் இல்லாமல் செவிலியராக நுழைய முடியாது. படித்துவிட்டு வருகிறவர்கள் நோயாளியைக் குளிப்பாட்டவும் பெட்பேன் எடுக்கவும் கூச்சப்படுகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. அதற்குத் தீனி போட்டதுபோல் ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் நோயாளிகள் தண்ணீர்கூடக் கிடைக்காமல் தவித்த கொடுமையைப் பற்றிய ஃபிரான்சிஸ் விசாரணை அறிக்கையும் அதே 2013இல் வந்தது. படிப்பில் சேருமுன் சில மாதமாவது பராமரிப்பு வேலை செய்திருக்க வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. ஆனால் அங்கே நடந்ததற்கு ஆள்குறைப்பும், செலவைக் குறைப்பதிலேயே கண்ணாக இருந்த நிர்வாகமும் எவ்வளவு காரணம் என்பதும் அதே அறிக்கையில்தான் இருக்கிறது. பட்டத்தால் கருணை குறைந்தது என்பதற்குச் சான்றில்லை என்று அதற்கு முந்தைய ஆண்டு, செவிலியக் கல்வியை ஆராய்ந்த வில்லிஸ் ஆணையம் சொல்லியிருந்தது. நம் ஊரில் இந்த விவாதம் அந்த அளவுக்குச் சூடாகவில்லை. இங்கே குளிப்பாட்டுவதும் மலம் எடுப்பதும் பெரும்பாலும் கூட இருக்கும் உறவினர் தலையில் விழுகிறது. அதனால் மாணவி அதைச் செய்து பழக வாய்ப்பே குறைவு. முதல் ஆண்டுப் பாடத்தில் பெட் பாத் என்பது பொம்மையின்மேல் செய்து காட்டும் தேர்வாகச் சுருங்குகிறது. படுக்கைப் புண்ணின் முதல் சிவப்பைக் கண்டுபிடிக்கும் இடம் அந்தக் குளியல்தான் என்பதை நினைத்தால், இழப்பு பெரிது.

படித்து முடித்தபின் என்ன? மூன்றாண்டுப் பட்டயம் முடித்தவரும் நான்காண்டுப் பட்டம் முடித்தவரும் பெரும்பாலும் ஒரே பணிக்குத்தான் விண்ணப்பிக்கிறார்கள். எய்ம்ஸ் மருத்துவமனைகளின் தேர்வில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு: பட்டதாரி நேராக எழுதலாம், பட்டயம் முடித்தவருக்கு இரண்டாண்டுப் பணி அனுபவம் வேண்டும். வேலை கிடைத்தபின் வார்டில் இருவருக்கும் ஒரே பொறுப்பு, ஒரே சம்பளப் பட்டியல். தமிழ்நாட்டில் 2015இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் ஆயிரக்கணக்கான செவிலியரை எடுத்தபோது தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். தனியார் துறைக்காக, உச்ச நீதிமன்றத்தின் 2016ஆம் ஆண்டுத் தீர்ப்பையொட்டி அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் சம்பளத்துக்கு இணையாக. பரிந்துரை பரிந்துரையாகவே நின்றது பெரும்பாலான இடங்களில். வங்கிக் கடன் வாங்கி மகளைப் படிக்கவைத்த குடும்பம் வளைகுடா, அயர்லாந்து, பிரிட்டன் என்று கணக்குப் போடுவதில் தப்பில்லை.

அப்படியானால், பிளஸ் டூ முடித்த பிள்ளையோடு கல்லூரி தேடி வரும் பெற்றோர் எதைக் கேட்க வேண்டும்? தேர்ச்சி விழுக்காடும் ஹாஸ்டல் வசதியும் விளம்பரத்திலேயே இருக்கும். கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா என்பதோடு நிற்காமல், அதன் படுக்கைகளில் எத்தனை நிரம்பியிருக்கின்றன என்று கேட்கலாம். கவுன்சிலின் நெறி 75%. ஒரு மாணவிக்கு எத்தனை நோயாளி கிடைப்பார் என்று கேட்கலாம்; நெறிப்படி மூன்று. வார்டில் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் கூடவே நிற்கிறாரா, கையெழுத்துப் போட மட்டும் வருகிறாரா என்பதை மூன்றாமாண்டு, நாலாமாண்டு மாணவிகளிடம் தனியாகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். பிரசவ அனுபவத்துக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், அங்கே எத்தனை கல்லூரிகள் வருகின்றன, கையுறை போட்டு முன்னால் நின்றது எத்தனை முறை என்பதையும் அதே மாணவிகளிடம் விசாரிக்கலாம். முடிந்தால் காலை ஏழரைக்குப் போய்க் கல்லூரிப் பேருந்து எந்தத் திசையில் கிளம்புகிறது என்று பார்த்துவிட்டு வரலாம்.